நாற்பத்தேழில் முடியும் இலக்கம்

கில்பட் அண்ணனின் கதிரை அன்று காலையும் நனைந்திருந்தது.

ஆதிலா அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுத்தான் தெரிய வேண்டும் என்றில்லை. நீலத் துணி போட்ட இருக்கை நடுவில் கறுத்து, ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. செப்டம்பர் முதலாம் திகதி முதல்முறை கண்டபோது கூரை ஒழுக்கு என்று நினைத்தாள். ஆனால் கற்பிட்டியில் மழை விழுந்து மாதக்கணக்காயிற்று. அடுத்த நாள், யாரோ தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று நினைத்தாள். மூன்றாம் நாளிலிருந்து நினைப்பதையே விட்டுவிட்டாள். காலை எட்டரைக்குக் கந்தோரைத் திறந்ததும் ஒரு பழைய துணியால் கதிரையைத் துடைத்து, வெயில் படும்படி யன்னல் பக்கம் திருப்பி வைப்பாள். மற்றவர்கள் வரும்போது அது ஓரளவு காய்ந்திருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது இந்த நாற்பத்தொரு நாளில் அவளுக்குக் கைவந்த தொழிலாகிவிட்டது.

கோட்டைக்குப் போகிற வீதியில், கருவாடு காயப்போடுகிற வாடிகளுக்கு முன்னால், வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு ஒன்றில் படகுப் பாதுகாப்புச் சங்கத்தின் கந்தோர் இருந்தது. முன்னால் விறாந்தை, உள்ளே ஒரு பெரிய அறை, அறையில் இரண்டு மேசை, இரண்டு கொம்பியூட்டர், ஒரு இரும்பு அலுமாரி. அலுமாரிக்குள் மஞ்சள் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு; அதில் ஒரு சிவப்புப் பொத்தான், இரண்டு சின்ன விளக்கு. போன் கிடைக்காத ஆழ்கடலில் எஞ்சின் நின்றாலோ, படகுக்குள் தண்ணீர் ஏறினாலோ பொத்தானை அமத்த வேண்டும். சிவப்பு விளக்கு மினுங்கும். படகு நிற்கிற இடத்தின் இலக்கங்கள் வானத்தால் போய், ஒரு மின்னஞ்சலாகச் சங்கத்தின் முகவரியில் வந்து விழும். கந்தோரிலுள்ள முறைப்பாட்டு மென்பொருள் நிமிடத்துக்கு ஒருமுறை அந்த அஞ்சல்பெட்டியைத் திறந்து பார்த்து, வந்ததை ஒரு முறைப்பாடாகப் பதிந்து, 'கிடைத்தது' என்று தானாகவே ஒரு பதில் அனுப்பும். அந்தப் பதில் போய்ச் சேர்ந்தால் கடலில் பச்சை விளக்கு எரியும்.

இதைக் கரை கரையாகப் போய்ப் படிப்பித்தவர் கில்பட் அண்ணன்தான். சங்கத்தில் இந்தப் பெட்டிகளைப் படகுகளில் பூட்டுவதும் திருத்துவதும் அவர் வேலை, ஊர் கண்டக்குழி. "பச்சை வருமட்டும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அமத்துங்க. பச்சை வந்தா, கரையில ஒரு ஆள் கேட்டுட்டு எண்டு அர்த்தம். பிறகென்ன, பீடியப் பத்தவச்சிட்டுக் குந்தியிருங்க" என்பார். கேட்டிருக்கிற மீனவர்கள் சிரிப்பார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. பதினொன்றே முக்காலுக்குத் தலைவர் முஹ்ஸின் ஹாஜியார் ஜும்ஆத் தொழுகைக்குப் போக எழும்பினார்.

"ஆதிலா, நாளைக்குக் காலையில கொழும்பில இருந்து ஆள் வருது, பெட்டியெல்லாம் வேல செய்யுதா எண்டு பாக்க. அந்த மெயில் வேலைய இன்டைக்கு முடிச்சிருவீங்கதானே மகள்?"

"முடிச்சிருவன் ஹாஜியார்."

முபாரிஸ் நானா மேசைக்கு அடியில் தொப்பியைத் தேடிக்கொண்டே சிரித்தார். "அவ டிப்ளோமா முடிச்ச ஆள் ஹாஜியார். எங்களப் போல நெத்தலிக்குத் தலை கிள்ளின கூட்டமில்ல. விரல வச்சா வேல முடிஞ்சிடும்."

"தொப்பி ஒங்கட தலையில இரிக்கு நானா," என்றாள் ஆதிலா.

ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். டிப்ளோமா என்ற சொல் கேட்டதும் முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆறு பாடத்தில் ஐந்துதான் அவள் முடித்தது. ஆறாவது பாடம் இதுதான்: அஞ்சல், வலையமைப்பு, பாதுகாப்பு. அந்த வருடம் வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போனது, அவள் பரீட்சைக்குப் போகவில்லை. வேலைக்கு எழுதிய கடிதத்தில் 'பூர்த்தி செய்துள்ளேன்' என்று எழுதினாள். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்து புத்தளத்தில் ஓலைக்குடிசையில் தொடங்கிய குடும்பத்தில் முதல்முதலாகக் கந்தோர் வேலைக்குப் போனவள் அவள். அந்த ஒரு சொல்லுக்கு மேல்தான் மற்ற எல்லாம் நின்றது.

மோட்டார் சைக்கிள் புறப்பட்ட சத்தம் வீதி முனையில் தேய்ந்து போனது.

பன்னிரண்டேகாலுக்குப் பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொல்லி முடிந்தது. கடைகளின் தகரக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அதன்பிறகு ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குள் போய்விட, வெள்ளிக்கிழமை நடுப்பகலுக்கென்றே உள்ள அந்த வெறுமை ஊரின் மேல் கவிந்தது. வெயில் கண்ணைக் கூசவைக்கும்படி மணலில் கிடந்தது. சோழகக் காற்று வாடிகளில் கருவாட்டை மூடியிருந்த பொலித்தீன் விரிப்புகளைத் தூக்கித் தூக்கி அறைந்தது, ஓட்டின் மேல் மணலை அள்ளிச் சொரிந்தது, யன்னல் கொளுக்கியை ஒரே தாளத்தில் ஆட்டிக்கொண்டிருந்தது. கருவாட்டு மணம் அறை முழுக்க இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான். ஆனால் அதற்கு அடியில் வேறொரு மணம் இருந்தது. காயாத மணம். பாசியும் பெற்றோலும் கலந்த, படகின் அடிக்கட்டையில் தேங்கி நிற்கிற தண்ணீரின் மணம்.

ஆதிலா கில்பட் அண்ணனின் மேசைக்குப் போனாள். முறைப்பாட்டு மென்பொருள் அந்தக் கொம்பியூட்டரில்தான் இருந்தது. அவருடைய கதிரையில் அவள் உட்காரவில்லை. தன் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

திரையில், மூலையில், எப்போதும் போல ஒரு வரி: புதிய முறைப்பாடுகள் – 0.

அந்தச் சைபரை அவள் ஆகஸ்ட் மாதம் இரண்டாம் திகதியும் இதே இடத்திலிருந்துதான் பார்த்தாள்.

மின்னஞ்சல் கொம்பனி மார்ச் மாதத்திலிருந்தே அறிவித்தல் அனுப்பிக்கொண்டிருந்தது. மென்பொருள் வெறும் பாஸ்வேர்ட்டைச் சொல்லி அஞ்சல்பெட்டிக்குள் போகிற பழைய முறை ஜூலை முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது. இனி உரிமையாளர் தானே ஒருமுறை வந்து, 'இந்த மென்பொருள் என் அஞ்சலைப் படிக்கலாம்' என்று ஒப்புதல் கொடுக்க வேண்டும். கொடுத்தால், பூட்டுக்குத் திறப்பு வெட்டுவது போல், மென்பொருளுக்கென்று தனித் திறப்பு ஒன்று வெட்டித் தரப்படும். செய்முறை பதினான்கு பக்கம், எல்லாம் ஆங்கிலம். ஆதிலா மூன்று முறை தொடங்கினாள், மூன்று முறையும் நாலாம் பக்கத்தில் நின்றாள். 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானை அமத்தினாள். தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கில்பட் அண்ணன் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் உடனிருந்து முடித்துத் தந்திருப்பார். அந்த ஒரு சொல்தான் அவள் வாயில் வரவில்லை.

தலவில அன்னம்மாள் திருநாளுக்கு முதல் நாள் அது, சனிக்கிழமை. கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் தலவிலக்குப் போய் மரங்களுக்கு அடியில் கூடாரம் போட்டுவிட்டார்கள். கரையில் ஒரு படகும் தள்ளவில்லை. கில்பட் அண்ணனின் மனைவி றோசாவும் பிள்ளைகளும் அங்கேதான். அவர் மட்டும் புதிதாக வந்த பெட்டியொன்றைப் பரிசோதிக்கப் பின்தங்கியிருந்தார்.

"ஆதிலா, அந்த மெயில் அலுவல் முடிஞ்சுதா?"

"ஓம் அண்ணா, முடிஞ்சிட்டு."

நாக்குக் கூசவில்லை. அதுதான் இப்போது நினைக்கக் கூசியது.

"அப்ப நான் கடலாலேயே தலவிலக்குப் போறன். மூண்டு மணிக்குப் பிறகு ஒருக்கா அமத்துவன், பச்சை வருதா எண்டு பாப்பம். நீ இரிக்கிறாய்தானே, எனக்கென்ன பயம்," என்று சொல்லி, போனை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார்.

மூன்று பத்துக்கு அவள் திரையைப் பார்த்தாள். சைபர். மூன்றேகாலுக்கும் சைபர். மென்பொருளால் பெட்டிக்குள் போக முடியவில்லை என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. போன் கிடைக்கிற தூரத்தை அவர் தாண்டுவதற்குள் ஒரு கோல் எடுத்து, 'அண்ணா, திரும்பி வாங்க, அது வேலை செய்யல்ல' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், முடிஞ்சிட்டு என்றது பொய் என்பதையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமைக்கு முதல் எப்படியாவது செய்துவிடலாம் என்று நினைத்தாள். கொம்பியூட்டரை நிறுத்தினாள். மூன்றரை பஸ்ஸில் புத்தளத்துக்கு வீட்டுக்குப் போனாள். வழியில் வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் சுழன்று சுழன்று அடித்ததை யன்னலோரமாக இருந்து பார்த்துக்கொண்டே போனது இன்னும் நினைவில் இருக்கிறது.

திங்கள் காலை, கில்பட் அண்ணனைக் காணவில்லை என்று ஊரே கரையில் நின்றபோது, பாஸ்வேர்ட் கேட்காதபடி அவர் விட்டுப்போயிருந்த அஞ்சல்பெட்டியை அவள் இதே திரையில் திறந்து பார்த்தாள். ஒன்பது மின்னஞ்சல். மூன்று பத்துக்கு ஒன்று, மூன்று இருபதுக்கு ஒன்று, மூன்று முப்பதுக்கு ஒன்று... நாலரை வரைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருக்கா. பச்சை வருமட்டும்.

அவள் ஒன்பதையும் அழித்தாள். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தாள். அஞ்சல்பெட்டியிலிருந்து வெளியேறி அதை மூடினாள்.

பொலிஸில் கேட்டார்கள், ஒன்றும் வரவில்லை என்றாள். ஹாஜியார் கேட்டார், ஒன்றும் வரவில்லை என்றாள். பத்து நாள் கழித்து, கொம்பனி சட்டத்தை மாற்றிவிட்டது, இப்போதுதான் மெயில் நின்றுபோயிருக்கிறது என்று இன்னொன்றும் சொன்னாள். கவிழ்ந்த படகு உச்சமுனைப் பக்கம் கிடைத்தது. ஆளும் கிடைக்கவில்லை, பெட்டியும் கிடைக்கவில்லை. திருநாள் சந்தோசத்தில் குடித்துவிட்டுப் போயிருக்கிறான், இல்லாவிட்டால் ஊருக்கே படிப்பித்தவன் பொத்தானை அமத்தாமல் விடுவானா என்று கரையில் கதை கட்டினார்கள். கில்பட் அண்ணன் வாழ்நாளில் குடித்ததில்லை.

ஒவ்வொரு வெள்ளியும், ஆண்கள் பள்ளியில் இருக்கிற நேரம் பார்த்து, றோசா அக்கா கண்டக்குழியிலிருந்து வருவார். உள்ளே வரமாட்டார். விறாந்தை யன்னலுக்கு வெளியே நின்று கில்பட் அண்ணனின் இலக்கத்துக்கு ஒரு கோல் எடுப்பார். 'தொடர்பு கொள்ள முடியாது' என்று பெண் குரல் மூன்று மொழியில் சொல்வதை முழுவதும் கேட்பார். இலக்கம் அறுந்துபோகக் கூடாதென்று காசு கட்டி அதற்கு றீலோட் போட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு யன்னலால் கேட்பார். போன வெள்ளியும் கேட்டார்.

"ஏதும் வந்துதா தங்கச்சி? அவர் பொத்தான அமத்தினாரா இல்லையா, அத மட்டும் சொல்லு. எனக்கு வேற ஒண்டும் தேவல்ல. உடம்பு இல்லாம பூசையும் வைக்கேலாது. முப்பத்தோராம் நாளும் சும்மா போயிட்டு. சின்னவன் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறான், வெறிகாரன்ட மகன் எண்டு கூப்பிடுறாங்களாம்."

"இல்ல அக்கா. ஒண்டும் வரல்ல."

ஐந்து வெள்ளி. ஐந்து முறை.

ஆதிலா அச்சடித்து வைத்திருந்த பதினான்கு பக்கத்தைப் பிரித்தாள். இந்த முறை இரவிரவாக அகராதி வைத்துப் படித்திருந்தாள். மென்பொருளைக் கொம்பனியில் பதிய வேண்டும், பதிந்தாள். ஒரு நீண்ட அடையாள இலக்கமும் ஒரு இரகசியக் கோவையும் தந்தார்கள். எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து ஒட்டினாள். ஒப்புதல் எந்த முகவரிக்குத் திரும்பி வரவேண்டும் என்று கேட்டது, எழுதினாள். நாலாம் பக்கம் தாண்டியது, ஒன்பதாம் பக்கமும் தாண்டியது. இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவு சின்ன வேலைக்காகவா என்று நினைத்தபோது முகம் சுட்டது, வெறும் அறையில் யாரோ பார்த்துவிட்டதைப் போல.

பதின்மூன்றாம் பக்கம். உரிமையாளராக உள்ளே வரவும் என்றது. நாட்காட்டியின் பின்பக்கத்தில் கில்பட் அண்ணன் எழுதி வைத்திருந்த பாஸ்வேர்ட்டைப் பார்த்து அடித்தாள். சரியென்றது. பிறகு இன்னொரு வரி வந்தது.

'இது நீங்கள்தானா என்று உறுதி செய்ய, 47 இல் முடியும் இலக்கமுள்ள போனுக்கு ஒரு கேள்வி அனுப்பியுள்ளோம். அந்தப் போனில் ஆம் என்று அமத்தவும்.'

அஞ்சல்பெட்டியைத் தொடங்கியவர் அவர். இலக்கமும் அவருடையது. இதை அவள் யோசித்திருக்கவே இல்லை.

போன் கடலுக்குள் இருந்தது. அவருடைய கழுத்தில். வேறு வழியால் உறுதி செய்யலாமா என்று திரையின் கீழே தேடினாள். இல்லை. நாளைக்கு ஆள் வருகிறது. ஹாஜியாரிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி நெற்றியைத் தடவினாள்.

ட்ர்ர்ர்.

ஏதோ அதிர்ந்தது. மரத்தில் உரசுகிற சத்தம். தன் போன் என்று நினைத்துக் கையை நீட்டினாள். அவள் போன் கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் இருண்டுபோய், அசையாமல் கிடந்தது.

ட்ர்ர்ர்.

கீழேயிருந்து வந்தது. மேசைக்கு அடியிலிருந்து. பக்கத்துக் கதிரையின் பக்கமிருந்து. தெளிவாக இல்லை, ஒரு வாளித் தண்ணீருக்குள் போட்டுவிட்ட போன் அதிர்ந்தால் எப்படிக் கேட்குமோ, அப்படி.

காற்று நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. யன்னல் கொளுக்கி ஆடவில்லை.

திரை மாறியது.

'நன்றி. உறுதி செய்யப்பட்டது.'

அவள் அந்த வரியை மறுபடி வாசித்தாள். யாராவது அந்தப் போனைக் கண்டெடுத்திருப்பார்கள், கரையில் ஒதுங்கியிருக்கும், ஒரு பொடியன் எடுத்து விளையாடிக்கொண்டிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். உதடு காய்ந்துபோயிருந்தது. நாக்கால் தடவினாள். உப்பாக இருந்தது.

மூலையிலிருந்த சைபர் மாறியது.

1.

2. 3. 4.

நிற்காமல் ஏறியது. 9 இல் ஒரு கணம் நின்றது. அவளுக்கு அந்த ஒன்பதையும் திறக்கத் தேவையில்லை. மூன்று பத்து. மூன்று இருபது. அவள் தன் கையால் அழித்தவை, குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தவை, வரிசை பிசகாமல் வந்து உட்கார்ந்திருந்தன.

பிறகு மறுபடி ஏறியது. 10. 11. 12.

49 இல் நின்றது.

பத்தாவதைத் திறந்தாள். ஆகஸ்ட் மூன்றாம் திகதி, பின்னேரம் மூன்று பத்து. பெட்டியின் பற்றரி: சைபர். பதினோராவது, ஆகஸ்ட் நாலு, மூன்று பத்து. பற்றரி: சைபர். நாளுக்கு ஒன்று. ஒரு நாளும் தவறவில்லை. நேற்று வரைக்கும்.

படகு நிற்கிற இடத்தின் இலக்கங்களைப் பார்த்தாள். முதலில் ஆழ்கடல். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது. கிழக்கே. இன்னும் கிழக்கே. செப்டம்பர் முதலாம் திகதி, சரியாக முப்பத்தோராம் நாள், அந்த இலக்கங்கள் மாறுவது நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு பத்து நாளும் ஒரே இலக்கம்.

வரைபடம் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்த இலக்கத்தை அவளுக்கு மனப்பாடம். புதிதாக வருகிற ஒவ்வொரு மஞ்சள் பெட்டியையும் இந்த மேசையில் வைத்துத்தான் பரிசோதிப்பார்கள். அப்போதெல்லாம் வருகிற இலக்கம் இது.

இந்த அறை.

அவள் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் அதை யன்னல் பக்கம் திருப்பி வைத்தது ஞாபகம் இருந்தது. இப்போது கடைக்கண்ணில் அதன் நீல விளிம்பு தெரிந்தது. மேசையைப் பார்த்து நின்றது. அவளுக்குப் பக்கத்தில். ஒருவர் உடனிருந்து வேலை படிப்பித்துக் கொடுக்கிற தூரத்தில்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவளுடைய கண் சுவர் மணிக்கூட்டில் இருந்தது. பன்னிரண்டு ஐம்பது. றோசா அக்கா வருகிற நேரம்.

நாற்பத்தொன்பதும் திரையில் கிடந்தன. யன்னலால் எட்டிப் பார்த்தால் தெரியும். திகதி, நேரம், எல்லாம். இதைக் காட்டினால் கில்பட் அண்ணன் குடிகாரனில்லை என்று ஆகிவிடும், சின்னவன் பள்ளிக்கூடம் போவான். காட்டினால் அவள் யார் என்றும் ஆகிவிடும். ஹாஜியாரின் முகம். முபாரிஸ் நானாவின் சிரிப்பு. உம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் தலைநிமிர்ந்து சொல்கிற 'எங்கட மகள் கந்தோரில'.

விறாந்தையின் வெளிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஆதிலா நாற்பத்தொன்பதையும் தெரிவு செய்தாள். அழி.

'நிரந்தரமாக அழிக்க உரிமையாளரின் ஒப்புதல் தேவை. 47 இல் முடியும் இலக்கத்துக்குக் கேள்வி அனுப்பப்பட்டுள்ளது.'

ட்ர்ர்ர்.

முழங்காலுக்குப் பக்கத்தில். குளிர்ந்த ஏதோ அவள் பாதத்தைத் தொட்டு விரிந்தது. தண்ணீர். குனிந்து பார்க்கவில்லை.

'மறுக்கப்பட்டது.'

மறுபடி அமத்தினாள். அழி.

ட்ர்ர்ர்.

'மறுக்கப்பட்டது.'

அழி. அழி.

'மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது.'

"தங்கச்சி."

றோசா அக்கா யன்னலுக்கு வெளியே நின்றார். கறுப்புச் சட்டை, கையில் போன், வெயிலில் நடந்து வந்த முகம். ஆதிலா எழுந்து திரைக்கும் யன்னலுக்கும் நடுவில் நின்றாள். பாவாடையின் ஓரம் நனைந்து கணுக்காலில் ஒட்டியது.

"என்ன பிள்ள, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு? சுகமில்லையா?"

"ஒண்டுமில்ல அக்கா."

"நாளைக்குப் பெரிய ஆக்கள் வராங்களாம் எண்டு கேள்விப்பட்டன். அதுதான் கடைசியா ஒருக்காக் கேப்பம் எண்டு வந்தன். இதுக்குப் பிறகு ஒன்னக் கரைச்சல் படுத்தமாட்டன்." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏதும் வந்துதா?"

இப்போது சொல்லலாம். ஒரு சொல். அவளுடைய வாய் திறந்தது.

"இல்ல அக்கா. ஒண்டும் வரல்ல."

பின்னால் ஈரத் துணி பிழிபடுகிற சத்தம் கேட்டது. கதிரையின் இருக்கை அப்படித்தான் முனகும், பாரமான ஒருவர் அதிலிருந்து எழும்பும்போது.

"சரி," என்றார் றோசா அக்கா. விறாந்தையில் இரண்டடி தள்ளி நின்று, ஒவ்வொரு வெள்ளியும் செய்வது போல, போனை எடுத்து அமத்திக் காதில் வைத்தார்.

ஆதிலா அந்தப் பெண் குரலுக்காகக் காத்திருந்தாள்.

மணி அடித்தது.

அறைக்குள். அவள் முதுகுக்குப் பின்னால். கில்பட் அண்ணனின் போனில் இருந்த அதே பழைய மணி, தண்ணீருக்கு அடியிலிருந்து, கரகரத்து, குமிழி குமிழியாக. ஒன்று. இரண்டு. மூன்று.

நின்றது.

விறாந்தையில் றோசா அக்காவின் தோள் விறைத்தது.

"ஹலோ?"

ஒரு மூச்சு.

"ஓம்... நான்தான்."

தரையில் தண்ணீர் யன்னல் பக்கம் மெல்ல ஓடிப் போனது. அதன் மேல் ஒரு பச்சை வெளிச்சம் விழுந்திருந்தது. அவள் பின்னாலிருந்து, இடுப்பளவு உயரத்திலிருந்து, ஒருவர் கையில் பிடித்திருப்பது போல. அணையவில்லை.

"ஓம்," என்றார் றோசா அக்கா. "ஓம்... ஓம்... எத்தனை தரம்?"

கேட்டார். வெகுநேரம் கேட்டார். பள்ளியிலிருந்து ஸலாம் கொடுக்கிற குரல் ஒலிபெருக்கியில் வந்து ஓய்ந்தது. அவருடைய காதுக்கும் போனுக்கும் நடுவிலிருந்து தண்ணீர் கசியத் தொடங்கியது. கழுத்தால் வழிந்து, கறுப்புச் சட்டையின் தோளை நனைத்து, முழங்கையிலிருந்து சொட்டுச் சொட்டாக விறாந்தையில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

"ஓம்," என்றார். "விளங்குது. இஞ்சதான் நிக்கிறா."

பிறகு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, தலையைத் திருப்பி ஆதிலாவைப் பார்த்தார்.